கணினியில் தமிழ் பேசித் தட்டச்சு: விண்டோஸ், கூகுள் டாக்ஸ், வேர்டு – எதை எதற்குத் தேர்வது?

பேசினால் தமிழில் எழுதிக்கொள்ளும் வசதிக்குத் தனி மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11, கூகுள் டாக்ஸ், மைக்ரோசாஃப்ட் வேர்டு மூன்றிலும் அது உள்ளேயே இருக்கிறது. மூன்றுக்கும் தமிழ் தெரியும். "எது துல்லியமானது?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் துல்லியத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும். பேசும் நேரத்தோடு திருத்தும் நேரத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 சொற்கள் கொண்ட ஒரு பத்தியை நிதானமாகச் சொல்லி முடிக்க 2 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 சொற்கள் பிழையாக விழுகின்றன. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து, கர்சரை அங்கே கொண்டுபோய், மாற்றி அடிக்க 8 விநாடி. மொத்தம் 160 விநாடி, அதாவது பேசியதைவிடத் திருத்துவதற்கு 40 விநாடி அதிகம். தமிழ் 99 விசைப்பலகையில் கை நன்றாகப் பழகியவருக்கு இது லாபமே இல்லை. தமிழ் அடிக்கவே தெரியாதவருக்கோ, மணிக்கட்டு வலியால் அதிகம் அடிக்க முடியாதவருக்கோ இது பெரிய வரம். ஆகவே, எந்தக் கருவியில் திருத்தம் எளிது, நிறுத்தற்குறி எப்படி வருகிறது, முடிந்த எழுத்து எங்கே போய்ச் சேரப்போகிறது என்ற மூன்றையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

விண்டோஸ் 11: எங்கே கர்சர் இருந்தாலும்

விண்டோஸ் விசையையும் எச் விசையையும் சேர்த்து அழுத்தினால் நடுவில் மைக் படத்தோடு ஒரு சிறிய பட்டை வரும். இதன் பெரிய பலம், கர்சர் நிற்கும் எந்தப் பெட்டியிலும் வேலை செய்வது. மின்னஞ்சல், வாட்ஸ்அப் வெப், அரசு இணையதளத்தின் புகார்ப் படிவம், நோட்பேடு என்று எங்கும் பேசலாம். வேறொரு ஆவணத்தைத் திறந்து, பேசி, வெட்டி ஒட்டும் வேலை இல்லை.

தொடங்குவதற்கு முன் தமிழைக் கணினியில் சேர்க்க வேண்டும். செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் என்று போய் 'ஆட் எ லாங்குவேஜ்' கொடுங்கள். பட்டியலில் தமிழ் என்று ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் பெயரோடு வரும். குரல் தட்டச்சுக்குத் தமிழ் (இந்தியா) என்பதைத் தேர்ந்தெடுங்கள். இலங்கையிலோ மலேசியாவிலோ இருப்பவர்களும் இதையே சேர்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த படியில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். இந்தப் பட்டை எந்த மொழியைக் கேட்கும் என்பதை அந்த நேரத்தில் இயங்கும் விசைப்பலகை மொழிதான் தீர்மானிக்கிறது. பணிப்பட்டையின் வலது மூலையில் ஆங்கிலம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் தமிழில் பேசினால், ஏதோ ஒலி ஒத்துப்போகிற ஆங்கிலச் சொற்களாகக் கொட்டும். "தமிழ் வேலை செய்யவில்லை" என்று கைவிடுபவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். முதலில் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தித் தமிழுக்கு மாறுங்கள், பிறகு விண்டோஸ் விசையோடு எச். இந்த வரிசை கைக்குப் பழகிவிட்டால் போதும்.

பட்டை வந்தும் எதுவும் விழவில்லையா? செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று மைக்ரோஃபோன் அனுமதி, மற்றொன்று ஸ்பீச் என்பதன் கீழே உள்ள ஆன்லைன் ஸ்பீச் ரெகக்னிஷன். உங்கள் குரல் இணையம் வழியாக மைக்ரோசாஃப்ட்டின் சர்வருக்குப் போய் எழுத்தாகித் திரும்புகிறது. இணையம் இல்லையென்றால் இந்த வசதியும் இல்லை. அலுவலகக் கணினிகளில் நிர்வாகமே இதை அடைத்து வைத்திருப்பதுண்டு. அப்படியானால் அலுவலகத்தின் ஐடி பிரிவிடம் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பட்டையில் இருக்கும் பல்சக்கரப் படத்தை அழுத்தினால் தானியங்கி நிறுத்தற்குறி என்ற தேர்வு வரும். அதை இயக்கிப் பாருங்கள், ஆனால் முற்றுப்புள்ளி எல்லாம் சரியாக விழும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, சற்று நேரம் மௌனமாக இருந்தால் மைக் தானே நின்றுவிடும். யோசித்து யோசித்துப் பேசுபவருக்கு இது எரிச்சல். இரண்டு மூன்று வரிக் கடிதத்துக்கும் பதில் செய்திக்கும் இதைவிட வசதியானது வேறில்லை. பத்துப் பக்கக் கட்டுரைக்கு இது வேண்டாம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் அதே விசைகள் ஒரு பட்டையைத் திறக்கும், ஆனால் அதில் தமிழ் கிடையாது. அந்தப் பதிப்புக்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தக் கணினியில் தமிழ் பேச வேண்டுமென்றால் அடுத்து வரும் வழிதான்.

கூகுள் டாக்ஸ்: நீண்ட எழுத்துக்கு

கூகுள் தன் குரல் உள்ளீட்டில் தமிழைச் சேர்த்தது 2017 ஆகஸ்டில். டாக்ஸில் டூல்ஸ் பட்டியலைத் திறந்து 'வாய்ஸ் டைப்பிங்' கொடுங்கள், அல்லது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பக்கத்தின் ஓரத்தில் மைக் பெட்டி வரும். அதன் மேல் இருக்கும் மொழிப் பெயரை அழுத்தித் தமிழைத் தேர்வு செய்தால், விசைப்பலகை எந்த மொழியில் இருந்தாலும் கவலை இல்லை. இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று தனித்தனியாகவே இருக்கின்றன. யாழ்ப்பாணத்து உச்சரிப்பில் பேசுபவர்கள் இரண்டையும் ஒரே பத்தியில் சோதித்துப் பார்த்துத் தேர்வது நல்லது.

இதில் ஒரு பெரிய குறை உண்டு. "முற்றுப்புள்ளி", "காற்புள்ளி", "புதிய வரி" என்று சொல்லி நிறுத்தற்குறி இடும் வசதி ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ் முதலிய சில மொழிகளுக்குத்தான். தமிழில் அந்தச் சொற்களே எழுத்தாக விழும். தடித்த எழுத்தாக்கு, இதை அழி போன்ற ஆணைகளோ ஆங்கிலத்தில் மட்டும்.

ஆனால் இந்தக் குறையை ஈடுகட்டும் ஒரு நல்ல குணமும் இதற்கு இருக்கிறது. மைக் இயங்கிக்கொண்டிருக்கும்போதே விசைப்பலகையையும் தொடலாம். வாக்கியம் முடிந்ததும் ஒரு விரலால் புள்ளியைத் தட்டுங்கள். பத்தி முடிந்ததும் என்டர். நடுவில் ஒரு சொல் தப்பாக விழுந்தால் கர்சரை அங்கே கொண்டுபோய்த் திருத்திவிட்டு, மறுபடி கடைசிக்கு வந்து தொடரலாம். மைக்கை அணைக்கத் தேவையில்லை. வலது கை புள்ளிக்கும் என்டருக்கும், வாய் சொற்களுக்கும் என்று பழகிவிட்டால் பின்னால் திருத்தும் வேலை பாதியாகக் குறையும். நீண்ட தமிழ் எழுத்துக்கு டாக்ஸை முதலில் சொல்வது இந்த ஒரு காரணத்தால்தான்.

ஒரு நுட்பமான விஷயம். டாக்ஸின் குரல் தட்டச்சு குரோம், எட்ஜ், சஃபாரி ஆகியவற்றின் புதிய பதிப்புகளில் வேலை செய்யும். ஆனால் குரலை எழுத்தாக்கும் சேவை எது என்பதை அந்தந்த உலாவியே முடிவு செய்கிறது. அதனால் ஒரே டாக்ஸ் பக்கத்தை குரோமிலும் எட்ஜிலும் திறந்து ஒரே பத்தியைச் சொன்னால் விளைவு வேறுபடலாம். கூகுளின் தமிழை நம்பி டாக்ஸுக்கு வருபவர் குரோமில் திறப்பதே சரி.

மைக் படம் சிவப்பாக இருந்தால் கேட்கிறது என்று பொருள். இன்னொரு தாவலுக்கோ வேறு சாளரத்துக்கோ போனால் நின்றுவிடும். குறிப்புகளை இன்னொரு தாவலில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சொல்லும் பழக்கம் உள்ளவர்கள் அவற்றைக் காகிதத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. முதல் தடவை அனுமதி கேட்கும்போது தவறுதலாக மறுத்துவிட்டால், முகவரிப் பட்டையின் இடப்பக்கக் குறியை அழுத்தி மைக்ரோஃபோன் அனுமதியைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

வேர்டு: கடைசி வடிவம் வேர்டுதான் என்றால்

வேர்டில் ஹோம் தாவலின் வலப்பக்கத்தில் 'டிக்டேட்' பொத்தான் இருக்கிறது. ஆல்ட் விசையோடு, எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள விசையை அழுத்தினாலும் தொடங்கும். கணினியில் நிறுவிய வேர்டில் இது வர மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேண்டும். ஒரே தடவை பணம் கட்டி வாங்கிய ஆஃபிஸ் 2016, 2019 பதிப்புகளில் இந்தப் பொத்தானைத் தேடிப் பயனில்லை. இணையத்தில் இயங்கும் வேர்டில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் இலவசமாகவே பேசலாம்.

பொத்தானை அழுத்தியதும் வரும் சிறு பட்டையின் அமைப்புகளில் பேசும் மொழியைத் தமிழாக்குங்கள். தமிழை மைக்ரோசாஃப்ட் முன்னோட்ட மொழிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. துல்லியமும் நிறுத்தற்குறியும் முழு ஆதரவு பெற்ற மொழிகளைவிடக் குறைவாக இருக்கலாம் என்று அவர்களே சொல்லும் பட்டியல் அது. தலைப்பு வடிவம், அட்டவணை, பக்க எண் எல்லாம் ஏற்கெனவே போட்டு வைத்த ஆவணத்துக்குள் நேராகப் பேச வேண்டியிருந்தால் வேர்டு சரி. அந்தத் தேவை இல்லாதவர் இதற்காகச் சந்தா கட்ட வேண்டாம்.

மேக் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, டிக்டேஷன் என்று போய் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குரோமில் டாக்ஸ் திறப்பதே நேரான வழி.

எந்தக் கருவியும் தடுமாறும் இடங்கள்

உச்சரிப்பு எவ்வளவு திருத்தமாக இருந்தாலும் தமிழில் சில இடங்களில் கருவி தடுமாறும். அவற்றை முன்கூட்டித் தெரிந்து வைத்திருந்தால் திருத்தும்போது கண் நேரே அங்கே போகும்.

முதலாவது ஒற்று. "அவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன்" என்று நீங்கள் சொன்னது பெரும்பாலும் "அவரை பார்த்து கேட்டு கொண்டேன்" என்றுதான் விழும். வல்லினம் மிகும் இடத்தில் மெய் காணாமல் போகும், சேர்த்து எழுத வேண்டியது பிரிந்து நிற்கும். கருவியின் காதுக்கு இது குறையாகத் தெரிவதில்லை. இணையத்தில் எழுதப்படும் தமிழில் நிறைய இப்படித்தான் இருக்கிறது, அதிலிருந்தே அவை கற்றிருக்கலாம். இதற்கு நீச்சல்காரன் உருவாக்கிய 'நாவி' என்ற இலவசச் சந்திப்பிழை திருத்தி கைகொடுக்கும். எழுத்துப் பிழைக்கு அவருடைய 'வாணி' இருக்கிறது. இரண்டும் இணையத்தில் இயங்குபவை. பேசி முடித்த வரைவை அவற்றில் ஒருமுறை ஓட்டிவிட்டுப் பிறகு கண்ணால் படிப்பது நல்ல வரிசை.

இரண்டாவது, ஒலியால் நெருங்கிய சொற்கள். பனி, பணி. கரை, கறை. மனம், மணம். வலி, வழி. இவற்றில் எது விழுந்தாலும் அகராதியில் உள்ள சொல்தான் என்பதால் எழுத்துப்பிழை திருத்தி கண்டுகொள்ளாது. "பனிக்கு விண்ணப்பித்தேன்" என்று ஒரு வேலை விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் யாருக்கும் மகிழ்ச்சி இராது. தனிச்சொல்லாகச் சொல்லாமல் முழு வாக்கியமாக ஒரே மூச்சில் சொல்லுங்கள். அக்கம்பக்கச் சொற்களை வைத்துத்தான் கருவி இரண்டில் ஒன்றைத் தேர்கிறது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னால் தெளிவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர்.

மூன்றாவது, பேச்சு வழக்கு. "போயிட்டு வந்துட்டேன்" என்று சொன்னால் அப்படியே விழலாம், அரைகுறையாக எழுத்து வழக்குக்கு மாறியும் விழலாம், பாதி வாக்கியம் ஒன்றாகவும் மீதி மற்றொன்றாகவும் வரலாம். எழுத்துத் தமிழ் வேண்டுமென்றால் மேடையில் பேசுவது போல எழுத்துத் தமிழிலேயே பேசுங்கள். முதல் ஒரு வாரம் நாக்கு ஒத்துழைக்காது, பிறகு வந்துவிடும்.

பெயர்கள் தனித் தலைவலி. ஒரே பெயர் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக வரும். நீளமான பெயரோ நிறுவனப் பெயரோ அடிக்கடி வருமானால், அதற்குப் பதில் உங்கள் எழுத்தில் வேறெங்கும் வராத ஓர் எளிய சொல்லைச் சொல்லிக்கொண்டே போங்கள், "மாம்பழம்" என்று வைத்துக்கொள்ளலாம். முடிந்தபின் கண்ட்ரோலோடு எச் அழுத்தி, எல்லா "மாம்பழ"த்தையும் ஒரே அடியில் உண்மையான பெயராக மாற்றிவிடலாம். "மாம்பழத்தை", "மாம்பழத்திற்கு" என்று வேற்றுமை உருபு சேரும் இடங்களை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். எண்களும் அப்படித்தான். "இருபத்தைந்து" என்பது 25 ஆகவும் வரலாம், எழுத்திலும் வரலாம். தொகை, தேதி, சர்வே எண் ஆகியவற்றைப் பேசவே வேண்டாம், கையால் அடித்துவிடுங்கள்.

மைக்: செலவு செய்ய வேண்டிய ஒரே இடம்

மடிக்கணினியின் உள் மைக் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, விசிறிக்கும் விசைப்பலகைச் சத்தத்துக்கும் நடுவில் இருக்கிறது. கருவியை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட ஒரு சாதாரண யுஎஸ்பி ஹெட்செட் வாங்கினால் அதிக மாற்றம் தெரியும். மைக் தண்டை வாயின் ஓரத்துக்கு இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நேர் எதிரே வைத்தால் ப, த, க போன்ற எழுத்துகளின் காற்று மோதி ஒலி சிதறும். மின்விசிறிக் காற்று மைக்கில் நேரே அடிக்காமல் உட்காருங்கள்.

புளூடூத் ஹெட்செட்டில் ஒரு சிக்கல். அதன் மைக்கை இயக்கியதும் அது அழைப்புக்கான தரத்துக்கு இறங்கிவிடும். பழைய வகைகள் விநாடிக்கு 8,000 ஒலி மாதிரிகள் மட்டுமே அனுப்புகின்றன. பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் வழக்கமாக எதிர்பார்ப்பது 16,000. அந்த இழப்பில் மெய்யெழுத்துகளின் மெல்லிய வேறுபாடுகள்தான் முதலில் அடிபடும்.

திடீரென்று எதுவும் கேட்கவில்லையென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், இன்புட் பாருங்கள். வெப்கேம் செருகியதும் கணினி அதன் மைக்கையே முதன்மையாக எடுத்துக்கொண்டிருக்கும். பேசும்போது அங்கே உள்ள அளவுக்கோடு நகர்கிறதா என்பதே போதுமான சோதனை. மைக் இயங்கிய உடனே பேசத் தொடங்காமல் அரை விநாடி பொறுங்கள், இல்லையேல் முதல் அசை வெட்டுப்படும். என்விடிஏ போன்ற திரை வாசிப்பானைப் பயன்படுத்துபவர்கள் கட்டாயம் காதில் மாட்டும் ஹெட்ஃபோன் போட வேண்டும். ஸ்பீக்கரில் அது வாசிப்பதையும் மைக் கேட்டு எழுதத் தொடங்கிவிடும். கையே பயன்படுத்த முடியாதவர்களுக்கு விண்டோஸ் 11-இல் 'வாய்ஸ் ஆக்சஸ்' இருக்கிறது. கணினி முழுவதையும் குரலால் இயக்கலாம், ஆனால் தமிழ் ஆணைகள் அதற்கு இல்லை, ஆங்கிலம் போன்ற வேறு மொழியில்தான் சொல்ல வேண்டும்.

நல்ல மைக் இப்போதைக்கு வாங்க முடியாதா? கைப்பேசியில் அதே டாக்ஸ் ஆவணத்தைத் திறந்து ஜிபோர்டு விசைப்பலகையின் மைக்கில் பேசுங்கள். எழுத்து கணினித் திரையிலும் உடனுக்குடன் விழும். கைப்பேசி வாயருகே இருப்பதால் பல மடிக்கணினிகளின் உள் மைக்கைவிட இது நன்றாகவே கேட்கிறது.

ரகசியமான எழுத்துக்கு

மேலே சொன்ன மூன்றிலும் தமிழ்க் குரல் வெளியே ஒரு சர்வருக்குப் போகிறது. வழக்கு விவரம், நோயாளியின் குறிப்பு, இன்னும் வெளியாகாத செய்தி ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அதற்கு உள்ள வழி 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருள். கணினியில் நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை, தமிழும் தெரியும். ஆனால் இது உடனுக்குடன் எழுதும் வகை அல்ல. பேச்சைக் கோப்பாகப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். இது பல அளவு மாதிரிகளாக (மாடல்) கிடைக்கிறது, சிறியவற்றின் தமிழ் பயன்படுத்தும் தரத்தில் இல்லை. மீடியம் மாதிரிக்கு வரைகலை அட்டையில் சுமார் 5 ஜிபி, லார்ஜ் மாதிரிக்குச் சுமார் 10 ஜிபி நினைவகம் வேண்டும். மொழியைத் தமிழ் என்று நீங்களே குறிப்பிடுங்கள், அதன் ஊகத்துக்கு விட்டால் வேறு மொழியில் எழுதிவிடலாம். பதிவில் நீண்ட மௌனம் இருந்தால் சொல்லாத வாக்கியத்தை எழுதும், ஒரே வரியைத் திரும்பத் திரும்பவும் எழுதும். மௌனத்தை வெட்டிவிட்டுக் கொடுங்கள். இந்தச் சிரமத்தையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் காரணம் ரகசியம் ஒன்றுதான். அப்படிக் காப்பாற்றிய எழுத்தைக் கடைசியில் இணையத் திருத்தியில் ஒட்டினால் பட்ட பாடெல்லாம் வீண்.

எப்படி முடிவெடுப்பது

உங்கள் வேலையிலிருந்தே 200 சொல் பத்தி ஒன்றை எடுங்கள். அதில் இரண்டு பெயர், ஓர் ஆங்கிலச் சொல், ஒரு தொகை இருக்கட்டும். ஒரே மைக்கில், ஒரே அறையில், ஒவ்வொரு கருவியிலும் சொல்லி, திருத்தி முடிக்கும் வரை கடிகாரத்தை ஓட விடுங்கள். பிழைகளை எண்ணுவதைவிட மொத்த நிமிடத்தை எழுதுங்கள். அந்த எண் விசைப்பலகையில் நீங்கள் எடுக்கும் நேரத்தைவிடக் குறைந்தால்தான் அந்தக் கருவி உங்களுக்கு. எங்கள் பரிந்துரை, செய்திகளுக்கும் படிவங்களுக்கும் விண்டோஸ் பட்டை, ஒரு பக்கத்துக்கு மேற்பட்ட எதற்கும் ஒரு கை விசைப்பலகையில் வைத்தபடி குரோமில் டாக்ஸ். வேர்டு மூன்றாவதுதான்.

அச்சகத்துக்குப் போகும் எழுத்தானால் பேசத் தொடங்கும் முன்பே ஒன்றைக் கேட்டு வையுங்கள். எல்லாக் கருவிகளும் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில்தான் எழுதுகின்றன. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பக்கம் கட்டும் அச்சகங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே யூனிகோடு கோப்பை ஒட்டினால் வெறும் கேள்விக்குறிகளும் கட்டங்களும்தான் தெரியும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றி கொண்டு அவர்களுடைய எழுத்துருவுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். திருத்தங்கள் எல்லாம் முடிந்த பிறகே மாற்றுங்கள். மாற்றிய பின் நாவி, வாணி, தேடி மாற்றும் வசதி எதுவும் அந்தக் கோப்பைத் தமிழாகப் படிக்காது.